கொலைக்கு ஒரு பக்கம் போதும்

“கொலைக்கு ஒரு பக்கம் போதும். மிச்சப் பக்கமெல்லாம் யார் சொல்றதை நம்பறதுங்கிறதுக்கு.” சார் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. மத்திய அரசில் சட்டம் சம்பந்தப்பட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வானொலிக்கு நாடகங்கள் எழுதியவர். இடித்துக் கட்டுவதற்கு முந்தைய டெல்லி கிழக்கு கிட்வாய் நகரில், மகளுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவர்கள் வீட்டுக்கு வாழைத்தண்டும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போவேன். 1940-களின் சென்னையில் ஒரு கொலை வழக்கு, அதற்குள் ஒரு காதல், பின்னால் ஒரு கும்பல். இப்படி ஒரு நாவல் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தேன்.

அவர் எந்த நாவலையும் படிக்கச் சொல்லவில்லை. “லட்சுமிகாந்தன் கேஸைத் தேதி வாரியா எழுதிண்டு வா” என்றார்.

எழுதினேன். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ படம் வெளியாகிறது. அதன் நாயகன் தியாகராஜ பாகவதர் உச்சத்தில் இருக்கிறார். நவம்பர் 8-ஆம் தேதி, ‘இந்து நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் சி.என். லட்சுமிகாந்தன் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்படுகிறார். மறுநாள் விடிகாலை பொது மருத்துவமனையில் இறந்துபோகிறார். டிசம்பரில் பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதாகிறார்கள். 1945 மே 3-ஆம் தேதி நாயுடு விடுதலை, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்தர தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தள்ளுபடி. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். வழக்கு சென்னைக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவருக்கும் விடுதலை.

அந்தத் தாளின் ஓரத்தில் சார் ஒரு கேள்வி எழுதினார்: ‘ரிக்‌ஷா என்ன வேகத்தில் போகும்?’ லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்து, டெல்லி பஸ்ஸிலேயே வளர்ந்தவன் நான். தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா 1973-லேயே ஒழிக்கப்பட்டது; நான் அதைப் பார்த்ததில்லை. அதை ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு போவார். பின்தொடர்பவன் ஓடக்கூட வேண்டாம், எட்டி நடந்தால் போதும். அன்றிலிருந்து பழைய காலத்தை எழுதுவதென்றால் எனக்கு முதலில் அதன் வேகம் தெரிந்தாக வேண்டும். கடிதம் எத்தனை நாளில் சேரும், ஜெயிலில் யார் யாரைப் பார்க்கலாம், லண்டனிலிருந்து பதில் வர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். வேட்டியும் தலைப்பாகையும் அதற்கு அப்புறம்தான்.

என்னை அதிக நாள் உட்கார வைத்தது ஜூரிதான். அன்று உயர் நீதிமன்ற செஷன்ஸில் ஒன்பது ஜூரிகள். ஆறு பேராவது ஒரே பக்கம் நின்று, நீதிபதியும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. அந்த எண்ணிக்கை சேராவிட்டால் ஜூரியைக் கலைத்துவிட வேண்டும். இந்த வழக்கில் ‘குற்றவாளி’ என்று ஆறுக்கு மூன்று. அந்த ஆறு பேரில் ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் அன்றைய தீர்ப்பு அப்படி வந்திருக்காது! இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீதிபதி ஒத்துக்கொள்ளாததும் உண்டு: 1959-ல் பம்பாயில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நானாவதியின் வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று ‘குற்றவாளி இல்லை’ என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஜூரி முறை இன்று நம் குற்ற வழக்குகளில் இல்லை. அதனாலேயே இந்தக் கதையை எழுதுபவர் அந்த ஒன்பது நாற்காலிகளையும் வாசகர் கண்முன் போட்டுக் காட்ட வேண்டும்.

அடுத்த பயிற்சி அப்ரூவர். சதியில் தனக்கும் பங்குண்டு என்று ஒத்துக்கொண்டு, மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்பவர். சாட்சியச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு அப்படிப்பட்டவர் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது செல்லும் என்றது. 114-ஆவது பிரிவோ, வேறு ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டால் அவரை நம்பத் தகாதவர் என்று கருதலாம் என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வக்கீல் வாதாட வேண்டும். “ஒரே விஷயத்தை அவன் போலீஸ்கிட்ட, மாஜிஸ்திரேட்கிட்ட, செஷன்ஸ்லன்னு மூணு இடத்துல சொல்றான். மூணையும் எழுது. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு விஷயம் மாறணும்” என்றார் சார். பிறகு குறுக்கு விசாரணையைக் கேள்விகளாக மட்டும் எழுதச் சொன்னார். பதில் இல்லாமலே சாட்சி தடுமாறுவது தெரிய வேண்டும். நான் செய்த பயிற்சிகளில் மிகக் கடினமானது இதுதான். இன்றும் எழுதிப் பார்க்கிறேன்.

கும்பலைப் பற்றி என் மனத்தில் சினிமா அடியாட்கள்தான் இருந்தார்கள். சார் பேனாவைக் காட்டினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டு, எழுதாமலிருக்கப் பணம் கேட்பதாக லட்சுமிகாந்தன் மேல் பரவலாகப் புகார் இருந்தது. அவருடைய முந்தைய பத்திரிகை ‘சினிமா தூது’வின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்து, உரிமம் ரத்தாகியும் இருந்தது. பயம், பணம், ரகசியம் மூன்றும் வாராவாரம் அச்சாகிக் கடையில் தொங்கியது எந்த அடியாளையும்விட எனக்கு அச்சமூட்டியது.

காதலுக்கு நான் ஒரு கதாநாயகியைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். “மதுரத்தைப் பாரு” என்றார். நடிகை டி.ஏ. மதுரமும் கிருஷ்ணனும் ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனே போனபோது நெருங்கியவர்கள். கிருஷ்ணன் சிறையிலிருந்த காலமெல்லாம் மதுரம் விடுதலைக்காக அலைந்தார். ஒரு காதல் கடிதம்கூட இல்லாமல், வக்கீல் ஃபீஸும் மனுவும் வாய்தாவுமாக ஒரு காதலை எழுத முடியும் என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

சார் ஒரு நிபந்தனை போட்டார். விடுதலையானவர்களை நாவல் மறுபடி கூண்டில் ஏற்றக்கூடாது. ஆகவே என் கதையில் பத்திரிகையும் வேறு, நடிகர்களும் வேறு, ஊர் மட்டும் சென்னை. கதையைச் சொல்பவர் ஒன்பதாவது ஜூரி, மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருப்பவர். அப்ரூவர் கூண்டேறும் அத்தியாயம் வரை வந்திருக்கிறேன்.