நூலகத்துக்கு ஒரு வாட்டம்

வீட்டுவரி ரசீதை வாசல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு மாமா கேட்டார்: "இன்னா மாப்ள இது, நூலக வரின்னு தனியா ஒண்ணு போட்டுக்கிறான்?"

வரி 110 ரூபாய். அதன் கீழே நூலக வரி 11 ரூபாய். வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது என்று சொன்னேன். 1948இல் மெட்ராஸ் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அதற்காகப் பல வருடம் பாடுபட்டார் என்றெல்லாம் அடுக்கினேன். மாமா காதில் விழுந்தது பத்துக் காசு மட்டும்தான்.

"அப்ப நானும் ஒரு பங்குக்காரன். என் பங்கு எங்கருக்குது, காட்டு."

மாமாவுக்கு அறுபத்து நாலு வயது. மூன்றாவது வரை படித்தவர். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருடமாகக் கொத்தனார் வேலை. ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் இன்னும் மருமகனிடம்கூடத் தருவதில்லை. இத்தனை வருடத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார், ரேஷன் கடை கட்டியிருக்கிறார், கோயில் மதிலுக்குப் பூசியிருக்கிறார். நூலகத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

எங்கள் ஊர் நூலகத்துக்கே முதலில் கூட்டிப்போனேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது ஊர், பெயர் எதற்கு? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகக் கட்டடம் எழுந்ததே, அந்த வரிசையில் ஒன்று. ஒற்றை அறை, சின்னத் திண்ணை. போன வருடம் "புனரமைப்பு" நடந்தது. வெளியே புது பெயின்ட், உள்ளே பளபளவென்று டைல்ஸ். ஐப்பசி மழை நான்கு நாள் பெய்ததும் மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டியது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. சுவரோர அலமாரியில் ஒரு வரிசைப் புத்தகம் நனைந்து ஊதிப்போய், பிரித்தால் பக்கம் பக்கமாகக் கையோடு வந்தது.

மாமா புத்தகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். திட்டுத் திட்டாக மஞ்சள் கறை, ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

"கம்பிக்குத் தண்ணி போய்டுச்சு. துரு புடிச்சா கம்பி பருக்கும். பருத்தா காரையத் தள்ளிடும். இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா? காய்ச்சக்காரனுக்குப் பவுடர் போட்ட கதைதான்."

வாசல் வரை வந்தவர் திரும்பி, "எல்லா நூலகமும் இப்படித்தானா?" என்றார். அந்தக் கேள்விதான் எங்களை நவம்பரில் ஒரு நாள் சென்னை பஸ்ஸில் ஏற்றியது.

அதிகாலை நேரம். திருவண்ணாமலையிலிருந்து வந்த வண்டியில் பின்சீட்டு கிடைத்தது. மலை முதுகுக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. ஆலம்பூண்டி தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. செஞ்சியை நெருங்கையில் விடிந்து, ராஜகிரி உச்சியில் மேகம் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. மாமா சன்னலைத் துடைத்துக் கோட்டையைப் பார்த்தார்.

"உள்ள களஞ்சியம் பாத்துக்கிறியா? செவுரு எவ்ளோ கனம்! நெல்லு நனையக் கூடாதுன்னு கட்டினவன் அவன். ஈரம் பட்டா நெல்லும் மொளைக்கும். புஸ்தகம் மொளைக்காது, செல்லு அரிக்கும்."

செல்லு என்று எங்கள் பக்கம் சொல்வது கரையானை. அது மட்டுமா, ஈரத்தோடு பூஞ்சைக்காளான் வரும், ராமபாணப் பூச்சி வரும். நூலகம் கட்டுகிறவர்களுக்கு முதல் பகை தண்ணீர்தான் என்பதை மாமா செஞ்சிக் களஞ்சியத்தை வைத்தே சொல்லிவிட்டார்.

திண்டிவனத்தில் டீ. கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்து, எழும்பூரில் இறங்கினோம். பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள்தான் கன்னிமாரா நூலகம். அதன் பழைய கட்டடத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. விசேஷ நாட்களில்தான் பொதுமக்களை விடுவார்கள். நாங்கள் போனது நூலக வாரம், அதிர்ஷ்டம்.

1896 டிசம்பர் 5இல் திறந்த கட்டடம். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். உள்ளே நுழைந்ததும் மாமா செருப்பைத் தேடினார். வெளியே விட்டுவிட்டோமா என்று. கோயில் மண்டபத்துக்குள் வந்த நினைப்பு அவருக்கு. வளைந்து ஏறும் உயரமான கூரை, வளைவுகளில் சுதையில் இலையும் பூவும், வண்ணக் கண்ணாடியில் வடிகட்டி இறங்கும் வெளிச்சம், ஆளுயரத்துக்கு மேல் தேக்கு அலமாரிகள். மின்விளக்கு பரவலாகாத காலத்தில், வெயில் நேராகப் புத்தகத்தில் விழாமல், வெளிச்சம் மட்டும் மேஜைக்கு வரவேண்டும் என்று யோசித்துக் கட்டியது. அந்த உயரமும் வீண் ஆடம்பரம் கிடையாது. சூடான காற்று மேலே போய்விட்டால் கீழே படிக்கிறவனுக்கு வேர்க்காது.

மாமா ஒரு சுவரை விரல் மடக்கித் தட்டினார். காதை வைத்தார். காவலர் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு வேலை மாப்ள. எங்க குருநாதர் காலத்துல கடுக்கா தண்ணி வுட்டு அரைப்பாங்க. இது மூச்சு வுடும். இதுக்கு மேல சிமெண்ட்டு பூசினா உள்ள ஈரம் மாட்டிக்கும். பழசைச் செப்பம் பண்ணணும்னா பழைய சாமானுலதான் பண்ணணும்."

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் கருத்தரங்குகளில் சொல்லும் முதல் விதி இதுதான். புதுப்பிப்பு என்ற பெயரில் சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசிக் கெடுத்த கோயில்களும் சத்திரங்களும் நம் பக்கம் எத்தனை!

1950இல் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனது. 1954இன் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும். வந்துகொண்டே இருக்கும் புத்தகத்தை ஓர் அழகான மண்டபம் எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் பின்னால் புதுக் கட்டடங்கள் சேர்ந்தன. நூலகம் வளர்கிற பிராணி மாதிரி என்று ரங்கநாதன் 1931லேயே எழுதிவைத்தார். கட்டடம் கட்டுகிறவர் பலர் அதைத் திறப்பு விழாவோடு மறந்துவிடுகிறார்கள்.

அந்த ரங்கநாதனின் ஆலோசனையும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் சேர்ந்துதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுந்தது என்று, வெளியே மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது சொன்னேன். 1981 மே 31 இரவு வைத்த தீயில் சுமார் 97,000 நூல்கள் போயின. இருபது வருடம் கழித்து அதே வெள்ளைக் கட்டடத்தை அதே வடிவில் திரும்ப எழுப்பினார்கள். மாமா புளிசாத உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை.

"செவுத்தை நான்கூடத் திருப்பிக் கட்டிடுவேன். உள்ள இருந்த ஏட்டை எந்தக் கொத்தன் கட்டுவான்?"

சாயங்காலம் கோட்டூர்புரம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முன் ஆட்டோ நின்றதும் மாமா தலையை வெளியே நீட்டி மாடிகளை எண்ணத் தொடங்கினார். தரைத்தளமும் எட்டு மாடியும். எட்டு ஏக்கர் நிலம், 12 லட்சம் நூல்களுக்கு இடம். 2010 செப்டம்பர் 15இல் திறந்தது. உள்ளே பல மாடி உயரத்துக்கு வெட்டவெளிக் கூடம், முகப்பில் கண்ணாடி.

மாமாவின் முதல் கவலை கண்ணாடி. "நம்ம வெயிலுக்கு இவ்ளோ கண்ணாடியா? கரண்டு பில்லு எவன் கட்டுவான்?" பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று பெற்ற நூலகம் இது என்றேன். "சான்றிதழ் சரி, ஏசி நின்னா?" என்றார். பதில் தெரியாமல் லிப்டுக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டாம் மாடித் தமிழ்ப் பிரிவில் அலமாரிகளுக்கு நடுவே நடந்தபோது, கொத்தனார் கண் தரைக்குப் போனது. புத்தகம் காகிதம்தான், ஆனால் அடுக்கினால் கல். வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கிட்டுத் தளம் போட்டால், நூல் அடுக்கும் அறைக்குச் சுமார் 600 கிலோ கணக்கிட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. அதுவும் அலமாரி 2.2 மீட்டர் உயரம் வரைதான். அதற்கு மேல் உயர்ந்தால் சுமையும் ஏறும். யாரோ காலிசெய்த வீட்டு மாடியில் வாடகைக்கு நூலகம் வைப்பது எத்தனை ஆபத்து என்று மாமாவுக்கு எண் சொல்லாமலே புரிந்திருந்தது. "இதுக்கு உத்தரம் நல்லா ஆழமா போட்டுக்கிறான்" என்று அண்ணாந்து ஒப்புக்கொண்டார்.

தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதி. கூட்டம். டிஎன்பிஎஸ்சி கைடு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பையன். பக்கத்தில் விழித்திருந்தவன் எங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டுக்காரன் என்று பேச்சில் தெரிந்தது.

"இங்க குந்த எவ்ளோ தம்பி?"

"காசு கிடையாதுங்க ஐயா. வேளச்சேரியில ரூம்ல நாலு பேரு இருக்கோம், உக்கார இடமில்ல. காலையில வந்தா நைட்டுதான் போவேன்."

மாமா அவனையும், தூங்குகிற பையனையும், மேலே எரியும் விளக்கையும் பார்த்தார். நான் 2011 கதையைச் சொன்னேன். திறந்த ஒரே வருடத்தில் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டது. கட்டடம் தப்பியது, ஆனாலும் பல வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, பராமரிப்புக்கே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பிறகு ஆட்சி மாறி, செப்பனிட்டு, இன்று இந்தக் கூட்டம். 2023 ஜூலை 15இல் மதுரையிலும் இதே போல் ஒன்று, கலைஞர் நூற்றாண்டு நூலகம், தரைத்தளமும் ஆறு மாடியுமாகத் திறந்தார்கள்.

"பெருசா கட்டுறது ஒரு வேலை மாப்ள. கட்டினதை வச்சுக்கிறது ஒம்போது வேலை."

வெளியே வந்ததும் தண்ணி பாட்டிலைத் திறந்து, படிக்கட்டுக்குப் பக்கத்துத் தளத்தில் கொஞ்சம் ஊற்றினார். எங்கே போனாலும் செய்கிற வேலை. தண்ணீர் ஒரு நொடி தயங்கி, பிறகு ஓரத்துக் கால்வாயைப் பார்த்து ஓடியது. காவலாளி முறைத்தார். மாமா திருப்தியோடு மூடியைத் திருகினார்.

"வாட்டம் இருக்குது."

தளத்தில் தண்ணீர் வடியக் கொடுக்கும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, மழை பெய்தால்தான் தெரியும். திரும்பும் பஸ்ஸில் அந்த ஒரு சொல் என் தலைக்குள் உருண்டுகொண்டே வந்தது. நீர் வெளியே போகவும் சேத்துப்பட்டுப் பையன் உள்ளே வரவும் வாட்டம் வேண்டும். பெயின்டும் டைல்ஸும் பில்லில் ஏறும், போட்டோவில் விழும். வாட்டம் எந்தப் போட்டோவிலும் விழாது. எங்கள் ஊரில் அதனால்தான் அதை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஏணி கட்டி, நூலக மாடிக்கு ஏறினோம். ஒரு குடம் தண்ணீர், ஒரு மூங்கில் கழி, மாமாவின் ரசமட்டம். நடுவில் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் குளம் கட்டி நின்றது. கைப்பிடிச் சுவர் மூலையில் மழைத்தண்ணி இறங்கும் பைப்பின் வாயில் புளிய இலை மக்கி, அதில் ஓர் அரசங்கன்று முளைத்து, வேரைச் சுவருக்குள் விட்டிருந்தது. கன்றைப் பிடித்து மாமா இழுத்தார். பாதி வந்தது, பாதி அறுந்து உள்ளே நின்றது. "இது திரும்ப வரும்" என்றார். கழியை விட்டுக் குடைந்ததும் பைப் தொண்டையைச் செருமிக்கொண்டு, கறுப்பாக ஒரு வாய் கக்கியது. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம்.

"இது இப்போதைக்கு. தட்டோட்டைப் பேத்துட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, வாட்டம் புடிச்சு மேல ஓடு பதிக்கணும். கம்பியத் தேய்ச்சுப் பூசணும். ரெண்டு பேரு, பத்து நாளு." ரசீதின் பின்பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார். கூலி இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.

கீழே இறங்கியதும் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வாளியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தினத்தந்தியை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பார்வை மட்டும் மின்விசிறிக் கொக்கியிலேயே இருந்தது.

"மழை வரட்டும்" என்றார். "பாப்போம்."