ஊர் நம்பர்

24 டிசம்பர் 2024, செவ்வாய். வல்லத்திராக்கோட்டை

அரையாண்டு லீவு இன்று தொடக்கம். ராத்திரி திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். பெட்டி கட்டுவதெல்லாம் மனைவி பொறுப்பு. போன்கள் என் பொறுப்பு. என் போனில் இரண்டு சிம் போடலாம். முதல் இடத்தில் ஊர் நம்பர் அப்படியே இருக்கும். அது அங்கே உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இருப்பதிலேயே சின்ன ரோமிங் பேக்காகப் பார்த்துப் போட்டேன். டேட்டா ரோமிங்கை அணைத்தாயிற்று. இரண்டாவது இடத்துக்கு அங்கே போய் ஒரு சிம்.

மச்சான் நேற்றே சொன்னார்: "என்ன வேணா மாத்துங்க அத்தான், ஊர் நம்பர மட்டும் சாகவிட்றாதிய." பத்து வருஷத்துக்கு மேலாக அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர் சொல்லும்போது காரணம் இல்லாமல் இருக்காது.

பேக் போடும்போது நாடுகளின் பட்டியலைக் கடைசி வரை படித்தேன். சிங்கப்பூரோடு மலேசியாவும் இருந்தது. நடுவில் ஒரு நாள் ஜொகூர் போகிற யோசனை இருப்பதால் அதைப் பார்த்துதான் எடுத்தேன்.

சிங்கப்பூர் குடிநுழைவுக்கான வருகை அட்டையைப் போனிலேயே நாலு பேருக்கும் நிரப்பினேன். போய்ச் சேரும் நாளைக்கு மூன்று நாள் முன்பிருந்துதான் அனுப்ப முடியும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளங்களும் தேடும்போது மேலேயே வந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டிப் போகத் தெரிய வேண்டும்.

அம்மா வரவில்லை. மாடு, கோழி, மார்கழி மழை என்று காரணங்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். அடுத்த வீட்டு மருமகளிடம் வாட்ஸ்அப் இருக்கிறது, அவசரத்துக்கு அது. "அங்க மணி எத்தனப்பா இருக்கும்?" என்றார். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இந்தக் கணக்கை அவர் தலையில் ஏற்ற வேண்டாம் என்று, "சீரியல் முடிஞ்சதுக்கு அப்புறம் கூப்பிடாத, பிள்ளைக தூங்கிரும்" என்றேன். பிடிபட்டுவிட்டது.

25 டிசம்பர், புதன். சிங்கப்பூர்

சாங்கியில் இறங்கியதும் விமான நிலைய வைஃபையில் சின்னவன் முதல் ஆளாக நுழைந்துவிட்டான். சிம் வாங்க பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். ஒரு ஆள் பெயரில் மூன்று பிரீபெய்ட் சிம்முக்கு மேல் இங்கே கிடையாது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று வாங்கினேன். பெரியவள் டேப் மாதிரி ஒரு பழைய போன் வைத்திருக்கிறாள்; அது என் ஹாட்ஸ்பாட்டில் ஓடும். சிங்கப்பூர் நம்பர் எட்டே இலக்கம், செல்போன் என்றால் 8 அல்லது 9-ல் தொடங்கும்.

புது சிம் ஏறியதும் வாட்ஸ்அப், நம்பரை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டது. மாட்டேன் என்று கொடுத்தேன். சிம் எதுவானாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். பள்ளிக்கூட குரூப், தெரு குரூப், பங்காளிகள் குரூப் எல்லாம் அதில்தானே இருக்கின்றன.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். சிம்மோடு வெளிநாட்டுக்குப் பேச நிமிடங்கள் கொடுத்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன், கட் ஆயிற்று. அடுத்த வீட்டு மருமகளுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லி ஓடச் சொன்னேன். அம்மாவின் பதில் குரல் பதிவாக வந்தது: "பிளஸ் போட்ட நம்பர்லாம் எடுக்கக் கூடாதுன்னு போன்லயே சொல்றான். திருட்டுப் பயலுவளாம். நான் எப்பிடி எடுப்பேன்?"

ஒரு தப்பும் இல்லை. யாருக்குப் போன் போட்டாலும் மோசடிக்காரர்கள் ஜாக்கிரதை, 1930-க்குச் சொல்லுங்கள் என்று முதலில் அந்தக் குரல்தான் பேசுகிறது. சொன்னதைக் கேட்டு நடக்கிற ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

ஏற்பாடு இப்படி முடிந்தது. அம்மா என் ஊர் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் ரோமிங்கில் நிமிடக் கணக்குக் காசு; சும்மா மணி அடித்து நின்றால் ஒன்றும் இல்லை. அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் பிளஸ் போட்டு ஒரு நம்பர் வரும். அது நான்தான், எடுக்கலாம். இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலத்தில், 2003-க்கு முன்னால், ஊரே இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

27 டிசம்பர், வெள்ளி

காலையில் கண் விழித்தால் போன் முழுக்க மன்மோகன் சிங். நேற்று இரவு ஊரில் பத்து மணிக்குச் சற்று முன்னால் இறந்திருக்கிறார். இங்கே அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆசிரியர் குரூப்பில் ஆளுக்கொரு இரங்கல். 1994-ல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தபோது அவர் நிதியமைச்சர். அடுத்த வருஷம் ஜூலை 31-ல்தான் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த சுக்ராமுக்கு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைப் போட்டார். அந்தச் சமயத்தில் புதுக்கோட்டையில் மஞ்சள் போர்டு பூத்தில் உட்கார்ந்து, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சிங்கப்பூருக்குப் பேசுவார்கள். "நல்லாருக்கியா, நல்லாருக்கோம், வச்சிர்றேன்." அவ்வளவுதான் பேச்சு.

பகலில் நைட் சஃபாரிக்கு ஆன்லைனில் டிக்கெட் போட்டேன். கார்டு ஊர் வங்கியுடையது. ஓடிபி ஊர் நம்பருக்கு வந்து விழுந்தது. பக்கத்து அறையில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டு, ஓடிபிக்காக சிம் தட்டைத் திறக்க ஊசி தேடிக்கொண்டிருந்தார். கம்மலைக் கழற்றி அவள்தான் கொடுத்தாள்.

28 டிசம்பர், சனி

ஜொகூர் பாரு. குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து 170-ம் நம்பர் பஸ். உட்லண்ட்ஸில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, முத்திரை வேலை முடித்து, அந்தப் பக்கம் வருகிற அடுத்த 170-ல் ஏறிக்கொள்ள வேண்டும். ஏறிய பஸ் நமக்காகக் காத்திருக்காது. ஒரு கிலோமீட்டர் சொச்சம் பாலம். அந்தக் கரையில் மறுபடியும் இறங்கி மலேசியாவுக்கு அதே கூத்து. இந்தியர்களுக்குப் போன வருஷம் டிசம்பரிலிருந்து மலேசியாவில் விசா வேண்டாம். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. அதையும், திரும்பி வருவதற்கு சிங்கப்பூர் அட்டையையும் நேற்றே நிரப்பி வைத்திருந்தேன்.

சனிக்கிழமைக் கூட்டம். அவளும் சின்னவனும் ஒரு வரிசை, நானும் பெரியவளும் வேறொன்று. உட்லண்ட்ஸிலேயே போன் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர் சிம்மில் டேட்டா நின்றது. வாட்ஸ்அப்பில் டிக் விழவில்லை, கடிகாரக் குறிதான். இரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது, இருபதடி தள்ளி நிற்கிறவளோடு பேச முடியவில்லை. மச்சான் இதை முன்னாலேயே எச்சரித்திருந்தார்: "முத்திர குத்தின உடனே மொத ஆளு எங்க வெளிய வருதோ அங்கயே நில்லுங்க. தேடிப் போகாதிய. ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் தொலைவிய." திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குத் தேரடியைச் சொல்லி வைப்பதுதான் இதுவும். எஸ்கலேட்டர் அடியில் அவள் நின்றிருந்தாள், சின்னவன் கையை ரத்தம் கட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு.

ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பார்த்தோம். உள்ளே சுவர், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு. பெரியவள் எடுத்த படங்கள் ராத்திரி விடுதி வைஃபைக்கு வந்த பிறகுதான் ஊருக்குப் போயின.

29 டிசம்பர், ஞாயிறு

சாயங்காலம் தேக்கா பக்கம் மச்சானோடு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நம்ம ஜில்லாவே நிற்கிறது. புல்தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவனும் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். ஒருத்தன் வீட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தை வீடியோவில் காட்டச் சொல்லி, "இன்னும் மேல, இன்னும் மேல" என்று சத்தம் போட்டான். முன்பெல்லாம் இங்கே காலிங் கார்டு வாங்கிப் பொதுத் தொலைபேசி முன்னால் வரிசையில் நின்றார்களாம். அதற்கும் முன்னால் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவது. எங்கள் சித்தப்பா அனுப்பிய கேசட்டைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

மச்சான் கஜாவைப் பற்றிச் சொன்னார். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல். நாங்கள் ஊரில் இருட்டில் கிடந்தோம். இவர் இங்கே வெளிச்சத்தில் தவித்திருக்கிறார். ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி என்று எந்த நம்பரும் போகவில்லை. டவர் இல்லை, கரண்ட் இல்லை, இருந்த போனிலும் சார்ஜ் இல்லை. பட்டறையில் நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாம் ஒருவர் போனை ஒருவர் வாங்கி அடித்துப் பார்த்தார்களாம். தொலைக்காட்சியில் விழுந்த தென்னந்தோப்பைக் காட்டினால், அது யார் தோப்பு என்று சண்டை. யாரோ ஒருவர் பைக்கில் திருச்சிப் பக்கம் போய் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, பேப்பரில் எழுதி வந்த நம்பருக்கெல்லாம் "உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று ஒரே வரியை அனுப்பினாராம்.

"அந்தப் பேப்பர்ல என் ஊர் நம்பர்தான் இருந்துச்சு அத்தான். இங்க உள்ள நம்பரு யாருக்குத் தெரியும்?" என்றார். இங்கிருந்து ஊரைக் கூப்பிட நமக்கு ஆயிரம் வழி இருக்கிறது. ஊர் நம்மைக் கூப்பிட அந்த ஒன்றுதான். இதைக் கணக்கில் எடுக்காமல் பேக் விலையை மட்டும் பார்த்து ஊர் சிம்மை அணைத்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

30 டிசம்பர், திங்கள்

மிருகக்காட்சிசாலையில் ஒராங்குட்டான் முன்னால் நிற்கும்போது அம்மாவின் மிஸ்டு கால். உடனே இன்னொன்று. நேரம் கெட்ட நேரத்தில் இரண்டு தடவை என்றால் நெஞ்சு பக் என்கிறது. கூப்பிட்டேன்.

"ஏப்பா, கேஸ்காரன் வாசல்ல நிக்கிறான். ஓடிபி கேக்குறான்."

இணைப்பு என் பெயரில், நம்பர் என்னுடையது. குறுஞ்செய்தியைத் தேடினால், இன்று காலையே வந்து விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தது. நாலு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா சத்தமாகத் திருப்பிச் சொல்ல, வாசலில் அந்த ஆள் தட்டுகிற சத்தம் கேட்டது. "சரியாப் போச்சாம். சிலிண்டர உருட்டிட்டு உள்ள வாரான், மாடு மெரளுது, வையி" என்று அவரே கட் செய்துவிட்டார். சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

மரினா பே வாணவேடிக்கைக்கு ராத்திரி போகலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம். அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும் என்கிறார் மச்சான். நிற்க வேண்டிய இடத்தைப் பகலிலேயே காட்டிவிட்டார். நாளை ராத்திரி விமானம்.

மத்தியானம் அம்மாவின் மிஸ்டு கால். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டேன். அவருக்குக் கோடாலித் தைலம் போதுமாம், பெரிய பாட்டிலாக. "எனக்கு என்னப்பா. அந்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நல்லதா ஒரு சென்ட்டு வாங்கு. நெதம் போனத் தூக்கிக்கிட்டு வந்தது அவதான்." முஸ்தபா கடைக்குக் கிளம்புகிறோம்.