பழைய கொம்பியூட்டர் ஒன்றும் எங்கள் புள்ளிப் பதிவேடும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அரசியலும் இல்லை, எரிபொருள் விலையும் இல்லை. ஐம்பது வயதான ஒரு கொம்பியூட்டரின் கதை. கடைசியில் நமது பாடசாலைக்கும் ஒரு விசயம் இருக்கிறது. பெற்றோர் பொறுமையாக வாசிக்கவும்.

இந்த விடுமுறையில் தரம் 11 பிள்ளைகள் நான்கு பேரும் நானும் சேர்ந்து சின்னதொரு கொம்பியூட்டரைப் பூட்டினோம். மூளை இஸட்80 சில்லு. இயங்குதளம் சிபி/எம். எல்லாம் சரிவந்தால் திரையில் ஏ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வரும், அவ்வளவுதான். "இதுல யூடியூப் வருமா சேர்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வராது. ஆனால் தருக்கப் படலையைப் பலகையில் கீறிக் காட்டிய இத்தனை வருசத்தில், பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சிபி/எம்மை 1974இல் எழுதத் தொடங்கியவர் கேரி கில்டால் என்ற அமெரிக்கர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பனியின் இயந்திரமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றதில் ஓடாது. கில்டாலின் கெட்டித்தனம் என்னவென்றால், வன்பொருளைத் தொடுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதற்கு பயோஸ் என்று பெயர் வைத்ததுதான். 2.2ஆம் பதிப்பில் அந்தப் பகுதிக்கு 17 சின்ன வேலைகள்: ஓர் எழுத்தை வாங்கு, ஓர் எழுத்தைக் காட்டு, வட்டில் இந்தத் தடத்துக்குப் போ, இப்படி. அந்தப் பதினேழையும் உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப எழுதிவிட்டால் மிச்சமெல்லாம் அப்படியே ஓடும். (ஐபிஎம் கம்பனியோடு அவருக்கு வியாபாரம் பிழைத்துப்போன கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். அதை நான் தொடவில்லை.)

நமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த '2010' நாவலை வேர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதினார். வேர்ட்ஸ்டார் முதன்முதலில் வந்ததே சிபி/எம்முக்குத்தான். முழு நாவலும் ஐந்து அங்குல வட்டு ஒன்றில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின. பிறகு அந்தக் கதையைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸும் அவரும் கேப்ரோ கொம்பியூட்டர்களை வைத்துக்கொண்டு கடல் கடந்து கடிதம் பரிமாறினார்கள். கேப்ரோவும் இஸட்80, சிபி/எம் இயந்திரம்தான். மின்னஞ்சல் என்ற சொல்லே நம் ஊருக்கு வராத காலம் அது.

பிறகு என்ன நடந்தது? கில்டாலின் கம்பனியை 1991இல் நொவெல் வாங்கியது. 1994இல் கில்டால் காலமானார். 1996இல் அந்தச் சொத்துகள் கால்டெரா என்ற கம்பனிக்குக் கைமாறின. சிபி/எம்மை விற்கவும் ஆளில்லை, மற்றவர் பகிர்வதற்குத் தெளிவான அனுமதியும் இல்லை. மென்பொருள் செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

2001இல் உரிமையைக் கையில் வைத்திருந்த பிரையன் ஸ்பார்க்ஸ் அனுமதிக் கடிதம் ஒன்று கொடுத்தார். பாவிக்கலாம், பகிரலாம், திருத்தலாம். ஆனால் கடிதத்தின் வாசகம் ஆர்வலர்களின் ஒரேயொரு இணையத்தளத்தோடு கட்டப்பட்டிருந்தது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு அனுமதி உண்டா, இல்லையா? 21 வருசம் இதே சந்தேகம். 2022 ஜூலையில் அவரே மறுபடி எழுதி, இது எல்லோருக்கும்தான் என்று தெளிவுபடுத்தினார். சில வரிகள்தான். நாங்கள் ஐவரும் ஒருவரும் ஒளித்துச் செய்யாமல் மேசையில் வைத்துப் பூட்டியது அந்தச் சில வரிகளால்.

சில்லின் கதை இன்னும் சுவாரசியம். 1976இல் இஸட்80 வந்தபோது, மற்றவர்கள் பார்த்துப் பிரதி பண்ணக் கூடாதென்று அதற்குள் பொறிகள் வைத்தார்கள். பார்வைக்கு ஒரு மாதிரியும் வேலையில் வேறு மாதிரியுமான டிரான்சிஸ்டர்கள். 2024 ஏப்ரலில், அந்தப் பழைய வகைச் சில்லுகளின் உற்பத்தியை நிறுத்தப்போவதாகவும் ஜூன் 14 வரைதான் கடைசிக் கட்டளைகளை ஏற்பதாகவும் ஸைலொக் கம்பனி அறிவித்தது. சில வாரங்களிலேயே ஆர்வலர் ஒருவர், யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூல இஸட்80 வடிவமைப்பை, பலர் சேர்ந்து செலவைப் பங்குபோட்டுச் சில்லு செய்யும் டைனி டேப்அவுட் திட்டத்தில் சேர்த்துவிட்டார். பிரதி பண்ணாமல் காத்த சில்லை இனிப் பிரதிதான் காக்கப்போகிறது.

எங்கள் பலகையும் அப்படித்தான். சுற்றுப்படம் இணையத்தில் இருக்கிறது. அதில் ஓடும் ரோம்டபிள்யூபிடபிள்யூ என்ற மென்பொருளின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரு பலகை பழுதானால் எது பழுதென்று படத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். கேட்பதற்குக் கம்பனி தேவையில்லை.

இனி நமது விசயம். பல வருசத்துக்கு முன் பாடசாலைக்குப் புள்ளிகள் பதியும் மென்பொருள் ஒன்று வாங்கப்பட்டது. யூஎஸ்பி சாவி செருகினால்தான் திறக்கும். சாவி பழுதானது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள். கோப்புகள் இருக்கின்றன, ஆனால் உள்ளே என்ன ஒழுங்கில் எழுதியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. போன மாதம் கட்டாருக்குப் போக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தனது புள்ளி விபரம் கேட்டு வந்தார். கிளாக் அண்ணன் அலுமாரியிலிருந்து கையெழுத்துப் பதிவேட்டை எடுத்தார். எலி கடித்திருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. அவருக்குப் பிறகு வந்த வகுப்புகளுக்குக் கையெழுத்துப் பதிவேடே கிடையாது. இருப்பது அந்தத் திறக்காத கோப்பு மட்டும்தான். அதில் உங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இப்போது புதிய மென்பொருளுக்கு இரண்டு விலைக்கேள்வி வந்திருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு. நான் இரண்டு நிபந்தனை கேட்கப் போகிறேன். ஒன்று, புள்ளிகள் எல்லாவற்றையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக நாமே எப்போதும் எடுக்க முடிய வேண்டும். மற்றது, விற்பவர் கடையை மூடினால் மூலநிரலும் அதைத் திருத்தும் அனுமதியும் எழுத்தில் பாடசாலைக்கு வர வேண்டும். "இந்தப் பாடசாலைக்கு மட்டும்" என்று எழுதினால் போதாது, நாளை வலயம் பிரிந்தாலும் பெயர் மாறினாலும் செல்லுபடியாக வேண்டும். விலை கொஞ்சம் கூடும் என்று ஒரு தரப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதனால்தான் பெற்றோர் நேரில் வந்து கை உயர்த்த வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஆய்வுகூடம் திறந்திருக்கும், அந்தக் கொம்பியூட்டரையும் பார்க்கலாம்.