கூலரைக் கழுவுவது யார்?

2018 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளை ஒட்டிய கடலடியில் 864 சர்வர்கள் அடங்கிய உருளை ஒன்றை மைக்ரோசாஃப்ட் இறக்கியது. இனி கடலே குளிர வைத்துவிடும் என்று அப்போது பேச்சு. கப்பலின் இன்ஜின் ரூமிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற இன்ஜினியர்களுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. கடல் தானாக எதையும் குளிர வைப்பதில்லை. கூலர்தான் குளிர வைக்கிறது.

‘நேட்டிக்’ என்ற அந்தத் திட்டத்தின் வேரே இவர்கள் தொழிலில்தான் இருக்கிறது. 2013-ல் யோசனையை எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவரான ஷான் ஜேம்ஸ், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கியில் பணியாற்றியவர். உருளையைக் கட்டியது நீர்மூழ்கி கட்டும் பிரெஞ்சு நிறுவனம் நேவல் குரூப். 12 ரேக்குகளின் முதுகிலும் ரேடியேட்டர், அதற்குள் கடல்நீர். ஒரே கன அளவில் காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் சூட்டைத் தண்ணீர் சுமக்கும். உருளையின் 240 கிலோவாட் சூடு அதற்கு ஒரு பாரமே அல்ல.

பாசியும் கொட்டலசும்தான் பாரம்.

கப்பலில் பழைய செகண்ட் இன்ஜினியர்கள் ஜூனியரை முதலில், கடல்நீரால் இன்ஜினின் நன்னீரைக் குளிர வைக்கும் பிளேட் கூலர் முன்னால் நிறுத்துவார்கள். போல்ட்டில் ஸ்பேனர் வைக்குமுன் பிளேட் அடுக்கின் நீளத்தை அளந்து எழுத வேண்டும். பிரித்தால், டைட்டானியம் பிளேட்டின் மேல் வழவழப்பாக ஒரு படலம். நகத்தால் கீறினால் பச்சையாக ஒட்டும். இன்ஜினின் நன்னீர் சூடேற அந்த மெல்லிய படலமே போதும். கழுவி, வரிசை மாறாமல் கோத்து, எதிரெதிர் மூலையாக முறுக்கிக்கொண்டே வந்து, எழுதி வைத்த நீளத்தில் நிறுத்த வேண்டும். முன்னதாக நிறுத்தினால் கசியும். மிஞ்சினால் கேஸ்கெட் நசுங்கும். அளக்காமல் கை வைத்தவனுக்கு அன்று முழுக்கத் திட்டு விழும்.

இப்போது வரும் பிள்ளைகள் அலாரம் அடித்தபிறகுதான் கூலரைத் தேடிப் போகிறார்கள். கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் இரண்டு கேஜையும் வாட்சுக்கு வாட்ச் பார்த்துப் பழகியவருக்கு, அடைப்பு தொடங்கும்போதே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை எந்தத் திரையும் ஈடுசெய்யாது.

2020 ஜூலையில் நேட்டிக் உருளை மேலே வந்தபோது பாசியும் கொட்டலசும் கடல் சாமந்தியும் அதை மூடியிருந்தன, பீய்ச்சியடித்துத்தான் கழுவினார்கள். சர்வர் பழுது தரையில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான் என்ற முடிவு கொண்டாடப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை உள்ளே நிரப்பிய நைட்ரஜனும் மனிதக் கை படாததும். 2024-ல், கடலடி மையங்களை இனிக் கட்டவில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது.

பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் செய்தது தொழில் தெரிந்தவர்களின் வேலை. 2011 முதல், பழைய காகித ஆலையின் சுரங்கம் வழியாகக் கடல்நீர் வருகிறது. சூடான நீரில் குளிர்ந்த கடல்நீரைக் கலந்தே திருப்பி அனுப்புகிறார்கள். எல்லாம் தரையில், கைக்கெட்டும் இடத்தில். நினைத்தால் பிரித்துக் கழுவலாம்.

சீனாவின் ஹைனான் தீவில், லிங்ஷுய் அருகே, 2023-லிருந்து சுமார் 35 மீட்டர் ஆழத்தில் சர்வர் பெட்டகங்கள் இறங்குகின்றன. அது வெப்பக்கடல், கொட்டலசு அங்கே ஆர்க்னியைவிட வேகமாகப் பிடிக்கும். ஆழத்தையும் எடையையும் பற்றிப் பேசுபவர்கள், கடல்நீர்ப் பக்கத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.