பத்துப் பொருத்தமும் பாட்டுப் பெட்டியும்

பெண் பார்ப்பதானாலும் சரி, குக்கருக்குக் காஸ்கெட் வாங்குவதானாலும் சரி, பொருத்தம் பார்க்காமல் நம் வீடுகளில் ஒரு காரியமும் நடப்பதில்லை. ஆனால் காருக்குப் பாட்டுப் பெட்டி வைக்கும்போது மட்டும் இந்த நல்ல வழக்கத்தைக் கை கழுவி விடுகிறோம். "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று நாம் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறோம். அவர்களோ, டப்பாவின் மேல் எவ்வளவு பெரிய எண் அச்சிட்டிருக்கிறதென்று மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து விடுகிறார்கள்.

எங்கள் சின்னவனுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் உத்தியோகம். நாலு வருஷம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்கினான். திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் சந்நிதியில் மாலை வாங்கிப் போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பத்து நாள் ஆகவில்லை. "அம்மா, வண்டிக்குச் சப்வூபர் வைக்கப் போகிறேன். பன்னிரண்டு அங்குலத்தில் ரெண்டு. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்றான்.

"வண்டியில்தான் ஏற்கெனவே பாட்டு வருகிறதே?" என்றேன்.

"பாட்டு வருகிறது அம்மா. 'தம்' வரவில்லை!"

இந்தத் 'தம்' எத்தகையது என்பது எனக்குத் தெரியாததல்ல. பூந்தமல்லியில் என் நாத்தனார் குடியிருக்கும் தெருவில் ஒரு வண்டி இருக்கிறது. அது தெருக்கோடியில் திரும்பும்போதே அவள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் தாளம் போட ஆரம்பித்து விடும். அடி ஒலியின் குணம் அப்படி. 40 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலையின் நீளமே சுமார் 28 அடி, சுவராவது கதவாவது! குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. டம்ளர்களுக்குச் சட்டம் தெரிந்தால் வழக்கே போட்டிருக்கும்.

சின்னவனைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவன் சம்பாத்தியம், அவன் ஆசை. ஆனால் 40,000 ரூபாய்க்கு ஜாதகம் பார்க்காமல் விடுவதற்கும் மனமில்லை. "நானும் கடைக்கு வருகிறேன்" என்று கிளம்பி விட்டேன்.

மவுண்ட் ரோடுப் பக்கத்தில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறதல்லவா? சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் ரங்கநாதன் தெரு. அங்கே டப்பாக்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. டப்பாவின் மேல் '1200 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சின்னத் தாளைப் பிரித்துப் பார்த்தால் 'ஆர்.எம்.எஸ். 300 வாட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது, ஒரு கண நேரம் தாங்குகிற உச்சம். இரண்டாவது, நாள் முழுதும் நிதானமாகத் தாங்குகிற சக்தி. மாப்பிள்ளை வருஷத்தில் ஒரு நாள் வாங்கும் போனஸைச் சொல்லிப் பெண் கேட்டால் கொடுப்போமா? மாதச் சம்பளம் என்ன என்றுதானே விசாரிப்போம்? சம்பளம் என்பது ஆர்.எம்.எஸ்.

வாட்டைக் கூட்டிக்கொண்டே போவதிலும் அவ்வளவு லாபமில்லை. சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் ஏறுகிறது. காதுக்கு இரண்டு பங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். பணமும் அந்தக் கணக்கில்தான் போகும்!

சப்வூபர் ஏன் அவ்வளவு பெரிதாக, கனமாக இருக்கிறது என்று கேட்பீர்கள். கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் இடது பக்கத்துத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கனம் ஏறினால் தோல் மெதுவாக அதிரும்; ஒலி தாழ்ந்து கம்பீரமாகும். வலது பக்கத்துக் கரணையின் மகிமையால் மிருதங்கத்துக்குத் தந்தி வாத்தியம் போன்ற இன்னொலி கிடைப்பதை சர் சி. வி. ராமன் 1920-லேயே எடுத்துக் காட்டினார். சப்வூபரின் கூம்பும் ஏறக்குறைய ரவை அப்பிய தொப்பிதான். சுமார் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையுள்ள அடி ஒலி மட்டுமே அதன் ராஜ்யம். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது அந்த ராஜ்யத்துப் பிரஜை. பெண் குரலில் அமைந்த ஒரு கீர்த்தனையில், பாடகியின் குரலுக்காகச் சப்வூபர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை. அது சும்மா உட்கார்ந்து கேட்கும், நம்மைப் போல.

இனி மணமகள் ஆம்பிளிபயருக்கு வருவோம். இங்கேதான் 'ஓம்' என்ற முக்கியமான பொருத்தம் வருகிறது. இது பிரணவம் அல்ல. மின்சாரத்துக்கு ஏற்படும் தடையின் அளவு. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் போல் நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் குறுகலானால் தண்ணீர் குறைவு. ஓம் அதிகமானால் மின்சாரம் குறைவு. நாங்கள் பார்த்த சப்வூபரில் இரண்டு சுருள்கள்; ஒவ்வொன்றும் 4 ஓம். ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம். பக்கம் பக்கமாக இணைத்தால், இரண்டு குழாய்களைத் திறந்த மாதிரி, 2 ஓம்.

ஆம்பிளிபயரின் தாளிலோ, '4 ஓமில் 200 வாட். 2 ஓமில் 330 வாட். அதற்குக் கீழே கூடாது' என்று கண்டிருந்தது. சப்வூபருக்கு வேண்டியது 300 வாட். ஆகவே சுருள்களைப் பக்கம் பக்கமாக இணைத்து 2 ஓம் ஆக்கினால் பொருத்தம் உத்தமம். இதே ஆம்பிளிபயருக்கு, இரண்டு 2 ஓம் சுருள்கள் கொண்ட சப்வூபரை வாங்கிப் பக்கம் பக்கமாக இணைத்தால் 1 ஓம் ஆகிவிடும். ஆம்பிளிபயர் சூடேறி அடிக்கடி மூர்ச்சை போடும். கணக்கு இவ்வளவுதான். வாங்குவதற்கு முன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சின்னவன் அப்போதும் "பன்னிரண்டு அங்குலம், ரெண்டு" என்பதிலேயே நின்றான். வாங்குவதற்கு முன்னால் ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம் என்று, சி.டி.எச். ரோடில் ஆவடி போகும் வழியில் கார்களுக்குப் பாட்டு பூட்டும் ஒரு பட்டறைக்குப் போனோம். அன்று எங்கள் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பத்தூர் தொழில் ஊர். டி.ஐ. சைக்கிள் நிறுவனம் பிறந்தது 1949-ல். பிறகு தொழிற்பேட்டை வந்தது. அந்தப் பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் 31 வருஷம் தகடு அழுத்தி ஓய்வு பெற்றவர் அவர். கொஞ்ச வருஷங்களாக டெலிவிஷன் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. "தட்டு எடுங்க" என்றால் "எந்தக் கட்டு?" என்பார். காது டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் வந்துவிடும். "என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. நீங்களெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்!"

பட்டறைக்காரர் வெகு நிதானஸ்தர். மாதிரிக்கு வைத்திருந்த பத்து அங்குலப் பெட்டி ஒன்றை எங்கள் வண்டியில் இணைத்தார். "ஐயா, முன் ஸீட்டில் உட்காருங்க. அடியிலிருந்து மேலே ஒவ்வொரு சத்தமாகப் போடுகிறேன்" என்று போனிலிருந்து ஒலியை ஆரம்பித்தார். 40 ஹெர்ட்ஸில் கும்மென்று ஒன்று எழுந்தது. எங்களுக்கெல்லாம் முன்னால் இவர்தான் "ஆகா, வந்துவிட்டது!" என்றார். ஒலி மெல்ல மெல்ல மேலே ஏறியது. நூறு, ஐந்நூறு, ஆயிரம். சுமார் 4000 ஹெர்ட்ஸில் வந்து நின்றது. விசில் மாதிரி காதைத் துளைத்தது.

"ஏன் தம்பி நிறுத்திவிட்டீங்க?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஒலி நின்றபாடில்லை. பட்டறைக்காரர் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் என்னைப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. "இன்னும் ஓடுகிறதா?" என்றார் மெதுவாக.

இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு முதலில் போவது 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான். அடி ஒலி நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் காது சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் 'ச', 'க', 'த' போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் மேலே இருக்கின்றன. அவை போய்விட்டால் பேச்சு காதில் விழும், வார்த்தை விளங்காது. உட்காதில் உள்ள மயிரிழை போன்ற உயிரணுக்கள் ஒரு தரம் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. போதாக்குறைக்கு, பலமான அடி ஒலி தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளை மூடி மறைத்துவிடும். இரண்டு பன்னிரண்டு அங்குலம் வைத்திருந்தால், இவர் அந்த வண்டியில் எங்களோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் ஒரு தாளை எடுத்துக் கணக்கை மாற்றி எழுதினான். பத்து அங்குலச் சப்வூபர் ஒன்று, அதற்கு ஏற்ற ஆம்பிளிபயர், பெட்டி, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 20,000. மீதி 20,000-க்கு நேரே 'அப்பா காது' என்று எழுதி அடிக்கோடிட்டான். அதோடு என் சீட்டுப் பணத்தையும் சேர்த்தேன். இந்தத் தடவை டாக்டரிடம் போக அவர் மறுக்கவில்லை.

பெட்டி விஷயத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. துவாரம் வைத்த பெட்டி அதிகம் முழங்கும். இடமும் அதிகம் கேட்கும். மூடிய பெட்டி சிறியது. ஒலி அடக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். எங்களுடையது மூடியது. உள்ளளவு நாம் வாங்கும் தண்ணீர்க் கேனைவிடச் சற்று அதிகம், 24 லிட்டர். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டைக்கு டிக்கியில் இடம் மிச்சம்.

கம்பியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 330 வாட் ஒலி கொடுக்க ஆம்பிளிபயர் வண்டியிலிருந்து 400 வாட்டுக்கு மேல் வாங்கும். அதாவது சுமார் 30 ஆம்பியர். சாதாரண ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்தே 110 வாட்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆகவே பருமனான, முழுச் செம்புக் கம்பி அவசியம். செம்பு முலாம் பூசிய அலுமினியம் அதே பருமனில் குறைவாகத்தான் கடத்தும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். கம்பி எங்காவது உரசித் தோல் போனாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். மின்கம்பி வண்டியின் ஒரு பக்கமாகவும் பாட்டுக் கம்பி மறுபக்கமாகவும் போனால், எஞ்சினின் முனகல் பாட்டில் கலக்காது.

கடைசியில் திருகாணிகள். 'கெயின்' என்று போட்டிருப்பது சத்தத்தைக் கூட்டுவதற்கல்ல. ரேடியோவின் அளவுக்கும் ஆம்பிளிபயரின் அளவுக்கும் சமாதானம் செய்து வைப்பதற்கு. அதை ஒரேயடியாகத் திருகினால் ஒலி அலையின் தலையும் வாலும் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், சுருளும் சூடேறும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூபருக்கும் மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார் பட்டறைக்காரர். அடி ஒலியின் சுமை இறங்கியதும், கதவு ஸ்பீக்கர்களில் பாடுகிறவரின் வார்த்தை அட்சர சுத்தமாக வந்தது. இந்தப் பலனை யாரும் டப்பாவின் மேல் அச்சிடுவதில்லை.

பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதும் ஒரு சேமிப்புக் கணக்குத்தான். அதில் எடுக்க மட்டுமே முடியும், போட முடியாது.

எங்கள் வீட்டுக்காரருக்குக் காதுக் கருவி வந்த மறுநாள், நாலு பேருமாகப் பூந்தமல்லிக்குப் புறப்பட்டோம். பாட்டு மிதமாக ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் மெல்லத் தட்டியது. அம்பத்தூர் ஓ.டி. திருப்பத்தில் சின்னவன் வேகத்தைக் குறைத்தான். இவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"டேய், வண்டியை ஓரங்கட்டு. என்னவோ டிக்டிக் என்று சத்தம் வருகிறது. ஏதோ லூஸாகி இருக்கிறது!"

சின்னவன் சிரிக்கவில்லை. "அது இண்டிகேட்டர் அப்பா. எப்போதுமே அப்படித்தான் சத்தம் போடும்" என்றான்.

"ஓகோ!" என்றார் அவர். திருப்பம் முடிந்து அந்தச் சத்தம் நிற்கும் வரையில் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.