சாமையை எடுத்துக்கொண்டு கருத்தரங்குக்குச் செல்வோர்

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான தேவனூர் நாட்டிலும் அதன் அண்டை நாடுகளிலும் விளையும் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசப்பட்டது மிகுதி. அப்பேச்சிலிருந்து மலைக்குத் திரும்பி வந்தது மிகக் குறைவு. நாடு என்பது இங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் பல சேர்ந்த தொகுதியைக் குறிக்கும். இன்றைய நிருவாகத்தில் அது ஓர் ஊராட்சி. இந்தக் குறைவுக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டைஊசி வளைவுகளையும் தலைநகரங்களின் தொலைவையும் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் மலையிலிருந்து சென்றுவரும் ஆய்வாளரும் களப்பணியாளரும் உழவர் பேராளரும் கருத்தரங்கில் கலந்துகொள்வதைப் பயின்று பெற வேண்டிய ஒரு தொழில்திறனாக எண்ணாமல், அழைப்பு வந்தால் போய்வரும் சடங்காகக் கொண்டுவிட்டதே இதற்கு முதற்காரணமாகும்.

இத்திறன் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியதன்று. 1964-இல் புதுதில்லியில் கூடிய கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டின்போது தனிநாயகம் அடிகளார் முதலானோரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966-இல் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அங்குப் படிக்கப்பட்ட கட்டுரைகள் இரு தொகுதிகளாக அச்சேறி இன்றுவரை ஆய்வாளர்க்குப் பயன்பட்டு வருகின்றன. கூட்டம் கலைந்த பின் எஞ்ச வேண்டியது நூல் என்னும் தெளிவு அன்றையோர்க்கு இருந்தது. பிற்காலத்தில் அத்தெளிவு மங்கியதற்கு ஒரு குறிப்பிட்ட காரணமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வெளியிட்ட நெறிமுறைகள், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வைக் கணக்கிடும் மதிப்பெண் முறையில், பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 10, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3 என்று விலை குறித்துவிட்டன. அம்முறை பின்னர்த் திருத்தப்பட்டும் அதனால் வந்த பழக்கம் நீங்கவில்லை. காலையில் பெயரைப் பதிந்து, பையும் குறிப்பேடும் பெற்று, தம் கட்டுரையை ஏழு நிமிடத்தில் படித்துவிட்டு, சான்றிதழோடு பிற்பகல் பேருந்தைப் பிடிக்கும் இளம் ஆய்வாளரைக் காணாத கருத்தரங்கு இன்று அரிது. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் பெருகிய இணையவழிக் கூட்டங்களோ, படிவம் ஒன்றை நிரப்பினாலே மின்சான்றிதழ் வந்து சேரும் நிலையை உண்டாக்கிவிட்டன.

கருத்தரங்குக்கான பணி ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு கைக்கு வந்த அன்றே தொடங்குகிறது. ஆய்வுச் சுருக்கம் என்பது கட்டுரையாளர் தம் ஆய்வின் நோக்கம், முறை, முடிவு ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் முன்னரே எழுதித் தருவது. அவையோர் அனைவர்க்கும் பொதுவான அமர்வு ஒருபுறம் இருக்க, ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நடக்கும் இணை அமர்வுகளுள் எதில் அமர்வது என்பதை அத்தொகுப்பைப் படித்து முடிவு செய்தவரே பயன் பெறுவார். புகழ்பெற்றவர் பேசும் அறையை எல்லாரும் நாடுவர்; அவர் கூறுவது பெரும்பாலும் முன்பே அச்சில் வந்ததாகவே இருக்கும். மலையிலிருந்து செல்பவர்க்கு வேண்டியதோ கூட்டம் குறைந்த அறையில், பெயர் அறியப்படாத பொறியாளர் ஒருவர் எந்திரத்தைப் பற்றிப் படிக்கும் கட்டுரையில் இருக்கக்கூடும். சிறுதானியக் கருத்தரங்குகளில், உணவியல் அமர்வுகள் நிரம்பி வழிவதும் பதப்படுத்தும் எந்திரங்களைப் பற்றிய அமர்வுகள் பாதி வெறுமையாகக் கிடப்பதும் வழக்கமாகிவிட்டது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-இல் கூட்டங்கள் பெருகியபோதும் இந்நிலை மாறவில்லை.

இனிக் கூறப்போவது வினா எழுப்பும் கலையைப் பற்றியது. இத்தொழிலில் இதைவிடக் கடினமானது வேறில்லை என்பதால் இதனைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும்; நல்ல வினா எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காண, சாமையின் உமியிலிருந்து தொடங்குவோம்.

சாமை அரிசியின் மேல் உமி இறுகப் பொருந்தியிருக்கும். மணியோ நெல்லைவிட மிகச் சிறியது. உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்து அதனை அரிசியாக்கும் உழைப்பு முழுவதும் மலைப் பெண்களின் தோள்மீதே விழுந்தது. சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியதற்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ (சவ்வரிசி) ஆலைகளின் கொள்முதல் ஒரு காரணம் என்றால், உலக்கை வேலையின் சுமை அதற்கு இணையான மற்றொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் எந்திரங்களை மலையில் நிறுவி ஊர்க் குழுக்களின் பொறுப்பில் நடத்தச் செய்ததன் உட்பொருள் இதுவே. ஆயினும் எந்திரம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நகரத்து ஆய்வாளர் கருதுவதும், அக்கருத்தோடு கருத்தரங்கில் கட்டுரை படிப்பதும், மலைக்காரர் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் திரும்புவதும் தொடர்கின்றன.

அக்கட்டுரைகளில் உமி நீக்கத் திறன் என்னும் ஒரு விழுக்காடு தவறாமல் இடம்பெறும். எந்திரத்தில் இட்ட மணிகளுள் எத்தனை பங்கு உமி நீங்கி வந்தன என்பதை அது குறிக்கும். மணியை வேகமாகச் சுழற்றிச் சுவரில் மோதவிடும் மையவிலக்கு எந்திரமாயினும், உருளைகளுக்கிடையே செலுத்தித் தேய்க்கும் எந்திரமாயினும், அவ்வெண் மட்டும் எதையும் உணர்த்துவதில்லை. தானியத்தின் ஈரப்பதம் எவ்வளவு, அது சல்லடையில் தரம் பிரித்த ஒரே இனமா, எத்தனை முறை செலுத்தப்பட்டது, வந்ததில் நொய் எவ்வளவு ஆகிய நான்கும் உடன் கூறப்பட்டால்தான் அது பொருள்படும். மலையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என இனங்கள் பல உள்ளன. அவற்றின் மணி அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரிய மணிக்கு ஏற்ப எந்திரத்தை முடுக்கினால் சிறிய மணி உமியோடு வெளியேறும். சிறிய மணிக்கு ஏற்ப முடுக்கினால் பெரிய மணி நொய்யாகும். பாறைக் களத்தில் அடித்த தானியத்தில் கலக்கும் கல்லோ மணியின் அளவிலேயே இருப்பதால் சல்லடைக்கு அகப்படாது; எடை வேறுபாட்டால் பிரிக்கும் கல்நீக்கியே அதற்கு வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வரும் தானியம் கல்லின்றி வருவதால், நாமக்கல் சந்தையில் மலைச் சாமைக்கு விலை குறைக்கப் போதுமானதாய் இருக்கும் இந்தக் கல், கட்டுரைகளில் ஒரு வரியும் பெறுவதில்லை.

இத்தனையையும் அறிந்த ஒருவர் கருத்தரங்கில் எழுந்து நிற்கும்போது அவர்க்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடமே. அந்நேரத்தில் அமர்வுத் தலைவர்க்கு வணக்கம், கட்டுரையாளர்க்குப் பாராட்டு, சிறுதானியத்தின் தொன்மை, தம் பணியின் வரலாறு என்று தொடங்குபவர் வினாவை அடையுமுன் மணி ஒலித்துவிடும். வினா ஒரே வாக்கியமாக, எண்ணையோ அளவையோ கேட்பதாக, ஆம் என்றோ இல்லை என்றோ தட்டிக்கழிக்க இயலாததாக அமைய வேண்டும். "இனம் கலந்த சாமையை ஒருமுறை செலுத்தினால் நொய் எத்தனை விழுக்காடு?" என்று கேட்டால் கட்டுரையாளர் விடை கூறுவார், அல்லது அளந்து பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வார், இரண்டும் கேட்டவர்க்குப் பயன்தரும். அவ்வாக்கியத்தை முதல்நாள் இரவே எழுதி, வாய்விட்டுப் படித்துச் சுருக்கி வைத்துக்கொள்வது முறை. மேடைத் தமிழில் தேர்ந்தவர்கள்கூட இதில் தோற்பதற்கு, நீட்டிப் பேசுவதையே அறிவின் அடையாளமாகக் கருதும் நம் அவைப் பழக்கம் காரணமாகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் அமர்வில் தமிழில் கேட்கத் தயங்குவதும் தேவையற்றது. நொய்யையும் கல்லையும் பற்றிய வினாவை மொழிபெயர்த்துச் சொல்ல அவையில் எவரேனும் முன்வருவர்.

அடுத்தநாள் மீண்டும் தொடர முடியாத வினா பாதி வினாவே. எனவே தேநீர் இடைவேளையில் கட்டுரையாளரைத் தனியே சந்தித்து, உமியோடு ஒரு கைப்பிடியும் அரிசியாக்கியது ஒரு கைப்பிடியுமாகச் சிறு துணிப்பையில் கொண்டுசென்ற சாமையைக் காட்டுவது, அவையில் பெற்ற விடையைவிடத் தெளிவான விடையைப் பெற்றுத்தரும். பையின்மேல் இனத்தின் பெயர், ஊர், நிலத்தின் உயரம், விதைத்த மாதம், அறுத்த மாதம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் "கொல்லிமலைச் சாமை" என்ற குறிப்பால் ஆய்வாளர்க்குப் பயனில்லை. விளக்கத்தட்டி அமர்வும், அதாவது ஆய்வு முடிவுகளைப் பெரிய தாளில் அச்சிட்டு அதனருகே ஆய்வாளர் நின்று விளக்கும் அமர்வும், இத்தகைய உரையாடலுக்கு ஏற்றது. இன்று தட்டிகளுக்கு முன் நிற்போர் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். படத்தில் எண்கள் பதிவாகும். அவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அருகில் நிற்பவரைக் கேட்டால்தான் அறிய முடியும்.

கேட்பதற்கு உள்ள முறைமை சொல்வதற்கும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் இந்திய உயிரியல் வளங்களைப் பெறுவதற்கு, சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே துணிப்பையிலுள்ள சாமையை வெளிநாட்டு ஆய்வாளர்க்குக் காட்டலாம், கொடுத்தனுப்புதல் கூடாது. அதே சட்டம், ஆய்வு முடிவுகளை வெளிநாட்டவர்க்கு மாற்றித் தருவதைக் கட்டுப்படுத்தும் இடத்தில், அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டுக் கட்டுரை வெளியிடுவதையும் கருத்தரங்கில் அறிவைப் பகிர்வதையும் அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியுள்ளது. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியவர் கட்டுரை படிப்பவரே. எந்த மூலிகையை எந்நோய்க்கு எவ்வாறு கொடுப்பர் என்று மலை முதியவர் நம்பிக்கையோடு கூறியதைத் தட்டியில் அச்சிட்ட பின் அதனைத் திரும்பப் பெற வழியில்லை. அதே சட்டப்படி ஊராட்சியில் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பதிந்தவற்றுள் எதை வெளியே கூறலாம் என்று ஊரைக் கேட்ட பிறகே ஆய்வுச் சுருக்கம் எழுதப்பட வேண்டும். பயிர் இனங்களைப் பொறுத்தவரை, 2001-ஆம் ஆண்டின் பயிர் இனப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவர் இனங்களை உழவர் பெயரிலேயே பதிவு செய்ய இடம் தருகிறது. அந்த வாய்ப்பை அறியாமல் இனத்தின் இயல்புகளையெல்லாம் மேடையில் விரிக்கும் ஆர்வத்தால் மலைக்கு நன்மையில்லை.

உழவரை அழைக்கும் கருத்தரங்குகள் அவரை நடத்தும் விதத்தையும் இங்கே கூறாமலிருக்க இயலாது. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை என்று தொடக்க விழா முற்பகலை விழுங்கிவிட, உழவர் கதிரைக் கையில் ஏந்தி மேடையில் நிற்கப் படம் எடுக்கப்படுகிறது. ஆய்வு அமர்வுகள் தொடங்கும் பிற்பகலில் அவரை ஊர்தியேற்றி அனுப்பிவிடுகின்றனர். எந்திரத்தைப் பற்றிய அமர்வில் அமர வேண்டியவர் அவரே. பயணப்படி தரும் அமைப்பாளரிடம், தொடக்க விழாவுக்கு வராவிட்டாலும் இரண்டாம் நாள் அமர்வுகளுக்கு இருக்க வேண்டும் என்று உழவர் பேராளர் முன்கூட்டியே எழுதிக் கேட்பது அவரது உரிமை. உடன்செல்லும் களப்பணியாளர் அதனைக் கேட்டுப் பெற்றுத் தருவது கடமை.

நிதியாண்டு முடியுமுன் நல்கைத் தொகையைச் செலவிட வேண்டியிருப்பதால் இந்தியக் கல்லூரிக் கருத்தரங்குகள் பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை நெருங்கிக் கூடுகின்றன. இது மலைக்கு வாய்ப்பாகவே அமைகிறது. கோடை மழைக்குப் பின் சாமைக்கு நிலம் திருத்துமுன், கேட்டு வந்ததை ஊர்க்கூட்டத்தில் சொல்வதற்குப் போதிய காலம் இருக்கும். அங்கே ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரும் குழுப் பெண்களும் எதிர்பார்ப்பது கருத்தரங்கின் சிறப்பைப் பற்றிய உரை அன்று. கல்நீக்கி என்ன விலை, அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டுமா, கலந்த சாமைக்கு நொய் எவ்வளவு விழும், பழுதானால் சரிபார்ப்பவர் நாமக்கல்லில் கிடைப்பாரா, சேலத்துக்குத்தான் போக வேண்டுமா என்பனவற்றை அவர்கள் கேட்பார்கள். விடை தெரியாதவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, கட்டுரையாளர்க்குக் கடிதம் எழுதி, வரும் விடையை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டும் வரை அக்கருத்தரங்கு முடிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.