எபிசு விழா நாட்குறிப்பு

ஜனவரி 8, நிஷினோமியா

ஜப்பானில் ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையிலுள்ள நிஷினோமியா திருத்தலம், வணிகச் செழிப்பின் தெய்வமான எபிசுவுக்குரிய சுமார் 3,500 ஷிண்டோ ஆலயங்களுக்குத் தலைமையிடமாகும். 'பத்தாம் நாள் எபிசு' எனப் பொருள்படும் 'தோகா எபிசு' விழா நாளை தொடங்கவிருக்க, கோபே மொத்தச் சந்தையின் மீன் வணிகர்கள் பெரியதொரு சூரை மீனை இன்றே காணிக்கையாக்குகின்றனர். உறைந்து விறைத்த அதன் தோலில் நாணயத்தை வைத்து அழுத்தும்போது அது நழுவாமல் ஒட்டிக்கொண்டால் அவ்வாண்டு பணம் கையில் தங்கும் என்பது நம்பிக்கை. விழா முடிவதற்குள் மீனின் உடலெங்கும் நாணயங்கள் பதிந்துவிடும்.

ஜனவரி 9

தூண்டிலும் செந்நிற மீனும் ஏந்திய எபிசு, முதலில் மீனவர்களின் தெய்வமாவார். இசானாகி, இசானாமி என்னும் ஆதித் தம்பதியர் கடலில் விட்டுவிட்ட ஹிருகோ என்ற குழந்தையே கரையொதுங்கி எபிசுவானது என்பது இத்தலத்தின் மரபு. கரையொதுங்கும் திமிங்கிலத்தையும் கடலோர மக்கள் எபிசு என்றே அழைத்ததால், எதிர்பாராமல் வந்துசேரும் பேறே இவ்வழிபாட்டின் வேர் எனலாம். பிடித்த மீன் விலைபோகும் சந்தைக்கும், பின்னர் வணிகம் முழுவதற்கும் அவரது காவல் விரிந்தது. நள்ளிரவில் வாயில்கள் அடைக்கப்பட, குருமார் 'இகோமொரி' எனப்படும் தனித்திருக்கும் நோன்பை மேற்கொள்கின்றனர்.

ஜனவரி 10

காலை 6 மணிக்குச் செந்நிற வாயில் திறந்ததும், கூடியிருந்தோர் சுமார் 230 மீட்டர் தொலைவிலுள்ள மூலமண்டபத்தை நோக்கி, வளைவுகளில் சறுக்கி விழுந்தும் எழுந்தும் ஓடுகின்றனர். முதலில் சேரும் மூவர் 'ஃபுகு ஒதோகோ', அதாவது அவ்வாண்டின் நற்பேறு பெற்ற ஆடவர், என அறிவிக்கப்படுகின்றனர். முன்வரிசை இடங்கள் குலுக்கலில் முடிவாவதால், வேகமாக ஓட வல்லவருக்கும் முதலில் சீட்டு விழ வேண்டியிருக்கிறது.

ஜனவரி 11, ஒசாகா

'எஞ்சிய பேறு' எனப்படும் இந்நாளில் இமாமியா எபிசு ஆலயத்தில் வழிபடுவோர், இலவசமாகத் தரப்படும் மூங்கில் கிளையில் நெல்மூட்டை, பொற்காசு முதலியவற்றின் சிற்றுருவங்களை விலைக்கு வாங்கிக் கட்டுவித்துக்கொள்கின்றனர். எபிசுவுக்குக் காது மந்தம் என்பதால், மண்டபத்தின் பின்புறம் சென்று ஓசையெழுப்பி வேண்டுதலை மீண்டும் நினைவூட்டுவதும் வழக்கம். சென்ற ஆண்டின் கிளையைத் திருப்பிச் செலுத்திவிட்டுப் புதியதைப் பெறும் இம்முறை, வணிகத்தில் பேறு என்பது சேர்த்துவைக்கும் உடைமையன்று, ஆண்டுதோறும் கேட்டுப் பெறவேண்டியது என்ற தெளிவையே காட்டுகிறது.